பொம்மைக்கு வணக்கம் சொன்ன ஊர்



ஒரு திரைப்படத்தை எல்லாரும் ஒருமித்துப் புகழ்ந்தால் நமக்கு வேலை எளிது. ஒருமித்து இகழ்ந்தால் அதைவிட எளிது. ஆனால், படங்களைப் பார்த்துத் தேர்ந்த விமர்சகர்களே இரு அணியாகப் பிரிந்து நின்று, ஒரு சாரார் அதனைத் தூய அன்பின் கதை என்றும், மற்றொரு சாரார் கண்ணீரைக் கறப்பதற்கென்றே கணக்கிட்டுச் செய்த சரக்கு என்றும் கூறுவார்களேயானால், குடும்பத்தோடு படம் பார்க்க விழையும் நம்மைப் போன்றோர் யார் பக்கம் சாய்வது? அப்படிப்பட்ட படம் ஒன்றையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

'லார்ஸ் அண்ட் த ரியல் கேர்ள்' என்பது அதன் பெயர். 'லார்ஸும் மெய்யான பெண்ணும்' என்று தமிழில் சொல்லலாம். 2007-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கனடா நாட்டின் டொரான்டோ திரைப்பட விழாவில் காட்டப்பெற்று, அக்டோபரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. நான்சி ஆலிவர் என்னும் பெண்மணி எழுதிய கதையை கிரெய்க் கில்லெஸ்பி இயக்கினார். லார்ஸாக நடித்தவர் ரயன் கோஸ்லிங். காதல் நகைச்சுவை என்றே இப்படத்தை வகைப்படுத்தினார்கள். கதையைக் கேட்போர், இதில் காதல் எங்கே, நகைச்சுவை எங்கே என்று முதலில் மருள்வது இயல்பே.

கதை இதுதான்

பனி மூடிய ஓர் அமெரிக்கச் சிற்றூர். லார்ஸ் என்னும் இளைஞன் அலுவலகத்திற்குச் செல்கிறான். ஞாயிறுதோறும் ஆலயத்திற்குத் தவறாமல் போகிறான். யாருக்கும் தீங்கு எண்ணான். ஆனால் மனிதரோடு ஒட்டி வாழ அவனால் இயலவில்லை. பிறர் தன்னைத் தொட்டால் அவனுக்கு உடல் எரிகிறது. தந்தை விட்டுச்சென்ற வீட்டில் அண்ணன் கஸ்ஸும் அண்ணி காரினும் வாழ, அவன் அதே மனையில் உள்ள கார்க் கொட்டகையில் தனியே வாழ்கிறான். தாய்மை அடைந்திருக்கும் அண்ணி, ஒரு வேளையாவது எங்களோடு உண்ண வா என்று எத்தனை முறை அழைத்தாலும் சாக்குச் சொல்லி நழுவுகிறான்.

அவன் பிறந்தபோதே தாய் இறந்துவிட்டாள். துயரத்தில் மூழ்கிய தந்தை தமக்குள்ளேயே ஒடுங்கிப்போனார். அண்ணனோ, வயது வந்ததும் அந்த இருண்ட வீட்டைவிட்டு ஓடிவிட்டான். பேச்சற்ற தந்தையோடு வளர்ந்த பிள்ளை, தாய் பின்னிவைத்த போர்வையைத் தவிர வேறு அணைப்பை அறியாமலே ஆளாகிவிட்டான். அலுவலகத்தில் மார்கோ என்னும் நல்ல பெண் அவனிடம் பேச முயல்கிறாள். அவனோ அஞ்சி விலகுகிறான்.

ஒரு நாள் லார்ஸ் தானே அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, தன்னைக் காண ஒரு பெண் வந்திருக்கிறாள் என்கிறான். அண்ணனும் அண்ணியும் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்த மகிழ்ச்சி சிறிது நேரத்தில் உறைந்துபோகிறது. அவன் அழைத்துவந்து அமர்த்தியது ஆளுயரப் பொம்மை. தவறான ஆசைகளுக்கென விற்கப்படும் அத்தகைய பொம்மையை அவன் கணினி வழியே வரவழைத்திருக்கிறான். அவனுக்கோ அது பொம்மை அன்று. அவள் பெயர் பியான்கா, மறைபரப்புப் பணி செய்தவள், நடக்க இயலாதவள், சக்கர நாற்காலி தேவை. தான் கடவுளுக்கு அஞ்சி நடப்பவனாதலால், மணமாகாத பெண்ணைத் தன் அறையில் தங்கவைக்க இயலாது என்று கூறி, அண்ணன் வீட்டில் தாயின் அறையைக் கேட்டு வாங்கி அவளை அங்கே உறங்கவைக்கிறான்.

பதறிய அண்ணன் அவனை டாக்மர் என்னும் குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறான். மனநோய் மருத்துவமும் அறிந்த அப்பெண்மணி, பியான்காவுக்கு இரத்த அழுத்தம் குறைவாக இருக்கிறது, வாரம் ஒரு முறை வரவேண்டும் என்கிறார். மருந்து பொம்மைக்கு, உரையாடல் லார்ஸோடு. அண்ணனிடமும் அண்ணியிடமும் அவர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: பியான்கா இந்த ஊருக்கு ஏதோ காரணமாக வந்திருக்கிறாள், காரணம் தீரும்வரை அவனோடு சேர்ந்து நடவுங்கள். ஊர் சிரிக்குமே என்று கஸ் அஞ்சுகிறான். அவனைப் பார்த்து மட்டுமா, உன்னைப் பார்த்தும்தான் சிரிக்கும் என்று அவன் அச்சத்தின் வேரை மருத்துவர் தொட்டுக் காட்டுகிறார்.

அடுத்து, ஆலயத்தாரின் கூட்டம். பொம்மையை வழிபாட்டுக்கு அழைத்து வருவதா என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். குரூனர் என்னும் முதிய பெண்மணி எழுந்து, உங்கள் வீட்டில் கோணல் இல்லையா, உன் உறவினர் செய்வது என்ன, உன் மனைவி செய்வது என்ன என்று ஒவ்வொருவர் கதையையும் எடுத்து வைக்கிறார். இயேசு இங்கிருந்தால் என்ன செய்வார் என்று போதகர் கேட்கிறார். ஞாயிறன்று பியான்கா ஆலயத்தில் இருக்கிறாள். பின்னர் அவளுக்கு முடி திருத்துகிறார்கள். துணிக்கடையில் வேலை தருகிறார்கள். மருத்துவமனைக் குழந்தைகளைக் காண அழைத்துச் செல்கிறார்கள். பள்ளிக் குழுவுக்கும் தேர்ந்தெடுக்கிறார்கள்! சிரிப்பு வருகிறது, ஆனால் யாரையும் எள்ளும் சிரிப்பு அன்று.

மெல்ல மெல்ல லார்ஸ் மாறுகிறான். ஒரு நாள், பியான்காவுக்கு நோய் முற்றிவிட்டது என்கிறான். சில நாளில் அவள் இறந்துவிட்டாள் என்கிறான். ஊரே அடக்கத்திற்கு வருகிறது. எல்லாரும் கலைந்த பின், கல்லறை அருகே நின்ற மார்கோவை, சற்று நடந்துவிட்டு வரலாமா என்று அவனே அழைக்கிறான். அதுவே படத்தின் முடிவு.

இரு அணிகள்

புகழ்ந்தோரில் முதன்மையானவர் 'சிகாகோ சன்டைம்ஸ்' நாளிதழின் ரோஜர் ஈபர்ட். நான்கு விண்மீன்களுக்கு மூன்றரை அளித்தார். இத்தகைய பொம்மையை வைத்துக்கொண்டு நம்பிக்கையூட்டும் கதையைச் சொல்ல முடிந்ததே என்று வியந்தார். நான்சி ஆலிவரின் கதை 2008-ஆம் ஆண்டு ஆஸ்கர் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. பரிசு 'ஜூனோ' என்னும் படத்திற்குப் போயிற்று.

எதிர் அணியில் நின்றோருள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் மனோலா டார்கிஸ் குறிப்பிடத்தக்கவர். சிரிப்பையும் அழுகையையும் அளந்து கலந்து, பார்ப்போர் உள்ளத்தைத் திட்டமிட்டு இயக்கும் படமாகவே அவருக்கு அது தோன்றியது. மக்களும் திரண்டு வந்து தீர்ப்பளித்துவிடவில்லை. ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம், உலகெங்கும் திரையரங்குகளில் ஈட்டியது அதற்கும் சற்றுக் குறைவே.

இப்படத்தின்மேல் சுமத்தக்கூடிய குற்றங்களைத் தொகுத்தால் நான்கு தேறும். ஒன்று, கண்ணீரைக் கறக்கும் கணக்கு. இரண்டு, கேலி பேசாத இத்தகைய ஊர் உலகில் இல்லை என்பது. மூன்று, மாயையில் உழல்பவனுக்கு ஊரே ஒத்தூதுவது பொய். பொய்யால் நோய் தீராது என்பது. நான்கு, வாய் பேசாத, எதிர்த்துச் சொல்லாத பொம்மையையே நல்ல பெண்ணாகக் காட்டுவது பெண்ணினத்திற்கு இழிவு என்பது. இவை விளையாட்டாகச் சொல்லத்தக்க குற்றங்கள் அல்ல. ஒவ்வொன்றையும் நாம் நிதானமாக நோக்குவோம்.

பொம்மையும் பெண்ணும்

நான்காம் குற்றத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இதற்கு விடை படத்திலேயே இருக்கிறது. லார்ஸ் பியான்காவை விரும்புவது அவள் அவனை ஒருபோதும் மறுக்கமாட்டாள் என்பதால்தான். ஆனால் ஊரார் அவளைப் பெண்ணாகவே ஏற்றுக்கொண்டபோது நடப்பது என்ன? அவளுக்கென்று வேலை, தோழியர், கூட்டம், நாட்குறிப்பு எல்லாம் வந்துவிடுகின்றன. ஒரு மாலை அவன் அவளோடு இருக்க விரும்புகிறான். அவளோ வேறிடம் போகவேண்டியிருக்கிறது. லார்ஸுக்குச் சினம் பொங்குகிறது. என்னைக் கேளாமல் இவளுக்கு என்ன வேலை என்கிறான்.

தன் விருப்பத்திற்கு மட்டுமே வாழ்கிற பெண் உலகில் இல்லை என்ற பாடத்தை, ஒரு பொம்மையைக் கொண்டே அவனுக்குக் கற்பித்துவிடுகிறது அந்த ஊர். மனைவி என்பவள் தன் சொற்படி இயங்கும் பொருள் என்று எண்ணும் ஆடவர், பொம்மை வாங்காத வீடுகளிலும் இருக்கிறார்கள் அல்லவா? அவர்களும் இக்காட்சியைக் காண்பது நலம்.

கண்ணீரும் கணக்கும்

முதற் குற்றத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஊரில் கேலி செய்வோரே ஏறக்குறைய இல்லாமற் போனதும், சிக்கல்கள் எல்லாம் குறித்த நேரத்தில் அவிழ்வதும், மார்கோ போன்ற பொறுமைசாலி ஒருத்தி இறுதிவரை காத்திருப்பதும் கதாசிரியரின் கை செய்தவையே. இவ்வளவு நாளில் இவ்வளவு குணம் என்று எந்த மருத்துவரும் உறுதி கூறமாட்டார்.

எனினும், கணக்குப் போட்டுக் கண்ணீர் வாங்குவோர் அன்புக்கு ஆகும் செலவைக் காட்டுவதில்லை. இப்படம் காட்டுகிறது. தம்பியின் பொம்மைக்குச் சோறு பரிமாறும்போது கஸ்ஸின் முகத்தில் தெரியும் வெட்கம் எளிதில் மறக்கத்தக்கதன்று. பின்னர் அவன் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கிறான். உன்னை அந்த வீட்டில் தனியே விட்டு ஓடியது என் பிழை என்கிறான். நோயுற்றவன் ஒருவன், ஆனால் குணமடையவேண்டியவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை அப்போது உணர்கிறோம்.

காரினின் காட்சியும் அத்தகையதே. ஒருவருக்கும் என்மேல் அக்கறை இல்லை என்று லார்ஸ் கூறும்போது, அதுவரை பொறுத்திருந்த அண்ணி வெடிக்கிறாள். இந்த ஊரில் ஒவ்வொருவரும் பியான்காவைக் குளிப்பாட்டுவதும், உடுத்துவதும், சுமந்து செல்வதும் யாருக்காக என்று நினைத்தாய்? இவை எளிய வேலைகளா? எல்லாம் உன்மேல் உள்ள அன்பால் அல்லவா என்ற பொருள்பட அவள் பேசுவது, இனிப்புத் தடவிய பேச்சு அன்று. களைத்துப்போன, தாய்மை அடைந்த ஒரு பெண்ணின் கோபம். நோயாளியிடம் கோபமே கொள்ளலாகாது என்று எண்ணி மனம் வெதும்பும் வீட்டாருக்கு, அன்பினின்று எழும் கோபமும் சில வேளை மருந்தாகும் என்று அக்காட்சி சொல்கிறது.

இது பொய் ஆகாதா?

மூன்றாம் குற்றமே நம்மைப் பெரிதும் சிந்திக்கவைக்கிறது. பொம்மையைப் பெண் என்பது பொய். நல்ல நோக்கத்திற்காகவும் பொய் கூறலாகாது என்று புனித அகுஸ்தினார் பொய்யைப் பற்றித் தனி நூல்களே எழுதியிருக்கிறார். அவ்வழி வந்த நாம், அன்புக்காகத்தானே என்று கூறி இதனை எளிதாகக் கடந்துவிட முடியாது.

பொய் என்பது பிறரை ஏமாற்றுவது. இவ்வூரார் யாரை ஏமாற்றினார்கள்? அவனைத் தவிர எல்லாருக்கும் உண்மை தெரியும். அவன் பொருட்டு அவர்கள் புதிதாக எதையும் புனைந்து அவனை நம்பவைக்கவில்லை. அவன் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த மொழியில் அவனுக்கு மறுமொழி தந்தார்கள். பியான்கா எங்கிருந்து வந்தாள் என்று சொன்னவனும் அவனே. அவளுக்கு நோய் முற்றிவிட்டது என்று சொன்னவனும் அவனே. இறந்தாள் என்று அறிவித்தவனும் அவனே. மருத்துவர் டாக்மர் ஒருபோதும் முந்திக்கொள்ளவில்லை. அவன் ஓர் அடி வைத்தால் அவரும் ஓர் அடி வைத்தார்.

எம்மாவு ஊருக்குச் சென்ற சீடர் இருவரை இங்கு நினைத்துப் பார்ப்போம். எருசலேமை விட்டு, நம்பிக்கை இழந்து, தவறான திசையில் நடந்துகொண்டிருந்தார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களை வழிமறித்துத் திரும்பச் சொல்லவில்லை. உடன் நடந்தார்; ஒன்றும் அறியாதவர்போல் என்ன நடந்தது என்று கேட்டார்; அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். உண்மை வெளிப்பட்டது பயணத்தின் முடிவில், பந்தியில். அதன் பிறகு அவர்கள் திரும்பி நடந்தது தாமாகவே. உண்மையைச் சொல்வது கடமை. ஆனால் அதனைத் தாங்கும் வலிமை ஒருவனுக்கு வரும்வரை அவனோடு நடப்பதும் அக்கடமையின் ஒரு பகுதி என்றே நமக்குத் தோன்றுகிறது.

இதே போன்ற கதையை அமெரிக்கர்கள் முன்பும் கண்டதுண்டு. 1950-ஆம் ஆண்டில் வெளியான 'ஹார்வி' என்னும் படத்தில், ஆறடிக்கு மேல் உயரமுள்ள, யார் கண்ணுக்கும் தெரியாத முயல் ஒன்றைத் தன் நண்பன் என்று கூறித் திரியும் நல்லவராக ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்தார். 1945-ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற, மேரி சேஸ் எழுதிய நாடகத்தின் திரை வடிவம் அது. அங்கே தமக்கை அவரை மனநோய் விடுதிக்கு அனுப்பப் பார்க்கிறாள். ஊசி போட்டபின் அவரும் மற்றவரைப்போல் சிடுசிடுப்பான மனிதராகிவிடுவார் என்று ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் சொல்லக் கேட்டு மனம் மாறுகிறாள். முயல் நிலைத்துவிடுகிறது.

இரு படங்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 'ஹார்வி' மாயையைக் காப்பாற்றிவைக்கிறது. பித்தமே சுகம் என்று முடிகிறது. லார்ஸின் கதையோ மாயையை வழியனுப்பிவைக்கிறது. பொம்மைக்குக் கல்லறை உண்டு. உயிருள்ள பெண்ணை நோக்கி அவன் திரும்பவேண்டும் என்பதே ஊராரின் வேண்டுதல். ஆகவே, பொய்யைப் போற்றும் படம் என்ற குற்றச்சாட்டு பின்னதைவிட முன்னதற்கே பொருந்தும். ஆயினும், பலரும் கொண்டாடிய படம் 'ஹார்வி'. அதில் தமக்கையாக நடித்த ஜோசஃபின் ஹல்லுக்கு ஆஸ்கர் பரிசே கிடைத்தது!

அப்படி ஓர் ஊர் உண்டா?

எஞ்சியது இரண்டாம் குற்றம்: இத்தகைய ஊர் உலகில் இல்லை என்பது. கதாசிரியர் அமைத்த ஊர் கற்பனை. ஆனால் அதன் உடன்பிறப்பு ஒன்று பெல்ஜியம் நாட்டில், ஆன்ட்வெர்ப் மாநிலத்தில் இருக்கிறது. கேல் என்பது அதன் பெயர்.

அயர்லாந்து நாட்டு இளவரசி திம்ப்னா, துயரத்தால் மதிமயங்கிய தந்தையிடமிருந்து தப்பி இங்கு வந்ததாகவும், அவர் கையாலேயே இங்கு கொல்லப்பட்டதாகவும் மரபு வழிச் செய்தி கூறும். அவர் மனநோயாளரின் பாதுகாவலராகப் போற்றப்பட்டார். இடைக்காலத்தில் அவரது ஆலயத்திற்கு நோயுற்றோரை உறவினர் அழைத்து வந்தனர். ஆலயத்தை ஒட்டிய விடுதியில் இடம் போதவில்லை. ஊரார் அவர்களைத் தம் வீடுகளில் தங்கவைத்தனர். சிலர் திரும்பிச் சென்றனர். பலர் அங்கேயே தங்கிவிட்டனர். பல நூற்றாண்டுகளாக இவ்வழக்கம் தொடர்ந்தது. 1850-ஆம் ஆண்டில் பெல்ஜிய அரசு இப்பணியின் மேற்பார்வையை ஏற்றது. 1930-களின் இறுதியில் 3,700-க்கும் மேற்பட்டோர் கேல் ஊர்க் குடும்பங்களில் வாழ்ந்தனர். அவ்வீட்டார் அவர்களை நோயாளிகள் என்று அழைப்பதில்லை. விருந்தினர் என்றும் தங்குவோர் என்றுமே அழைப்பர். இன்று அவர்கள் தொகை மிகவும் குறைந்துவிட்டது; ஆயினும் வழக்கம் அழியவில்லை. 2023-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானிட மரபைப் பேணும் நன்முறைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

கேல் ஊர் விண்ணகம் அன்று. தங்கவைத்த குடும்பங்களுக்குப் பணம் தரப்பட்டது. தங்கியவர்கள் வயல்வேலையும் வீட்டுவேலையும் செய்தார்கள். ஆனால் அங்கிருந்து வெளிவந்த ஒரு செய்தி நம் கதைக்கு வெகு அருகில் நிற்கிறது. சுவரிலிருந்து சிங்கங்கள் வருகின்றன என்று அலறிய ஒருவரை அவ்வீட்டுப் பெண்மணி அதட்டவில்லை. சுவரில் சிங்கம் ஏது என்று வாதிடவும் இல்லை. அச்சிங்கங்களைத் தாமே விரட்டிவிடுவதுபோல் நடித்தார்; அவரும் அமைதியடைந்தார் என்பர். திரைப்படத்தில் கண்டு நம்ப மறுத்த செயலை, கேல் ஊர்க் குடும்பத் தலைவி ஒருத்தி அடுப்படி வேலைகளுக்கிடையே செய்துகொண்டிருந்தாள்.

ஆகவே விமர்சகர்களின் பிளவை நாம் இவ்வாறு விளங்கிக்கொள்கிறோம். அவர்கள் திரைக்கதையின் அமைப்பைப் பற்றி வாதிடுவதுபோல் தோன்றுகிறது. உள்ளே நோக்கினால், மனிதர் இவ்வளவு நல்லவராக இருக்கக்கூடுமா என்பதே வாதம். இருக்கக்கூடும் என்று நம்புவோருக்குப் படம் உண்மையாகிறது; கூடாது என்போருக்கு அதே படம் பொய்யாகிறது. இவ்வழக்கைத் திரையால் தீர்க்க முடியாது. ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு பங்கும் தத்தம் நடத்தையால் தீர்க்கவேண்டிய வழக்கு இது.

நம் இல்லங்களுக்கு

நம் வீடுகளில் மகனோ மகளோ மனம் தளர்ந்து தனிமையில் ஒடுங்கினால் நாம் செய்வது என்ன? முதலில் மறைக்கிறோம். உறவினர் வந்தால் உள்ளறையில் இருக்கச் சொல்கிறோம். பிறகு, ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெண் தேடுகிறோம் அல்லது மாப்பிள்ளை தேடுகிறோம். நோயை மறைத்துச் செய்த திருமணங்களால் இரு வீட்டார் கண்ணீர் வடிப்பதைக் காணாத பங்கு உண்டா? இப்படத்தில் வரிசை நேர்மாறானது. முதலில் மருத்துவர், அடுத்துக் குடும்பத்தின் பொறுமை, அடுத்து ஊராரின் துணை. இவ்வளவும் ஆனபின், அவனே விரும்பி, ஒரு பெண்ணோடு சிறிது தூரம் நடந்துவர அழைக்கிறான். திருமணம் மருந்தாக வரவில்லை. குணமடைந்தவன் முன் ஒரு வழி திறக்கிறது, அவ்வளவே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மாயை கண்டோர் எல்லாரிடத்திலும் இவ்வாறே நடந்துகொள்ளலாம் என்று யாரும் எண்ணிவிடலாகாது. கதையிலும் மருத்துவர் சொன்ன பின்னரே ஊரார் அவ்வாறு செய்தார்கள். நோயின் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடும். மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவு அன்று.

பியான்கா சாகும் தறுவாயில் இருந்தபோது, ஆலயத்துப் பெண்கள் மூவர் உணவு சமைத்து எடுத்துக்கொண்டு லார்ஸின் வீட்டுக்கு வருகிறார்கள். அறிவுரை கூறவில்லை. கையில் பின்னல் வேலையோடு அவன் அருகே அமர்ந்துகொள்கிறார்கள். நான் என்ன செய்யவேண்டும் என்று அவன் கேட்கிறான். துன்பம் வந்தால் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்திருப்பார்கள், வேறொன்றும் இல்லை, நீ சாப்பிடு என்பதே அவர்கள் மறுமொழியின் கருத்து. யோபுவின் நண்பர்களும் முதலில் ஏழு நாள் வாய் திறவாமல் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அதுவே. பேசத் தொடங்கியபின்தான் யோபுவின் வேதனை பெருகிற்று!

படத்தில் அருவருப்பான காட்சி இல்லை. ஆனால் பொம்மை எதற்கென விற்கப்படுவது என்பது பற்றிய பேச்சு வருவதால், சிறுவர்க்கு உரியதன்று. அமெரிக்கத் தணிக்கையினரும் 13 வயதுக்குட்பட்டோர் திறத்துப் பெற்றோர் கவனம் கொள்ளவேண்டும் என்றே சான்றளித்தனர். வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் பார்க்கலாம். பார்த்தபின் இதைப் பற்றிப் பேசவும் செய்யலாம்.

இரு அணியில் எந்த அணி என்று கேட்பீர்களாயின், குறைகளை அறிந்தே நாம் புகழ்வோர் பக்கம் நிற்கிறோம். ஞாயிறன்று நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் யாரோடும் பேசாமல் நின்று, ஆசீர் முடியுமுன் வெளியேறிவிடும் இளைஞன் ஒருவன் இருக்கக்கூடும். அவன் வீட்டுக் கதவை இவ்வாரம் யார் தட்டப்போகிறார்கள்?